இடிபாடுகளைக் காணப் போகும் முன் வழிகாட்டியிடம் பேசுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் பழைய தலைநகரங்கள், இடிந்த கோட்டைகள், அகழாய்வில் வெளிப்பட்ட ஊர்கள் ஆகியவற்றைப் பற்றிய கட்டுரைகள் வெளியாகின்றன. அவற்றைத் தொடர்ந்து படித்து வருபவள் நான். அவற்றால் தூண்டப்பட்டே எங்கள் குடும்பம் இரண்டு முறை, கர்நாடகத்தில் உள்ள விஜயநகரப் பேரரசின் பழைய தலைநகரான ஹம்பிக்குச் சென்று வந்தது. எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்ற பட்டியலுக்கு அக்கட்டுரைகளில் குறைவே இருப்பதில்லை. ஆனால் எண்பதைக் கடந்த தாயும் எட்டு வயதுப் பேரனும் உள்ள ஒரு குடும்பம் அவ்விடத்தை ஒரே நாளில் எப்படிப் பார்ப்பது, தங்களுக்கென்று தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்துவதென்றால் அவரிடம் எப்போது, என்ன பேச வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. எங்கள் முதல் பயணம் வீணாகிப் போனதற்கும் இரண்டாவது பயணம் இன்றளவும் வீட்டில் பேசப்படுவதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்தப் பேச்சில்தான் இருந்தது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முழுமையாக நிற்கும் ஒரு கோயிலையோ அரண்மனையையோ வழிகாட்டி இல்லாமலும் ஓரளவு பார்த்து மகிழலாம். கூரை இருக்கிறது, கதவு இருக்கிறது, எது எதற்காக இருந்தது என்பதை நாமே ஊகித்துக்கொள்ள முடிகிறது. இடிபாட்டில் அப்படி முடியாது. ஹம்பியில் உள்ள மகாநவமி மேடையின் பக்கங்களில் யானைகளும் குதிரைகளும் வேட்டைக் காட்சிகளும் நடன மங்கையரும் அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டிருப்பதைக் கண்ணால் காணலாம். மேலே ஏறிப் பார்த்தால் வெறும் வெட்டவெளிதான். அங்கே நின்றிருந்த மரக் கட்டடம் அழிந்துவிட்டது. கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520ஆம் ஆண்டை ஒட்டி அந்நகருக்கு வந்த டொமிங்கோ பயஸ் என்ற போர்த்துகீசியர் தாம் கண்ட நவராத்திரி விழாவை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அதை அறிந்த ஒருவர் அருகில் நின்று சொன்னால் அந்த வெட்டவெளி நிரம்பிவிடும். சொல்ல ஆளில்லாவிட்டால் வெயிலில் படியேறி இறங்கியதுதான் மிச்சம். இல்லாமற்போனதைக் கண்முன் நிறுத்துவதே இடிபாட்டில் வழிகாட்டியின் வேலை. அந்த வேலையை யாருக்காகச் செய்யப் போகிறார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதல் பயணத்தில் இதை நாங்கள் உணரவில்லை. வாகனம் நின்றவுடன் அருகில் வந்த ஒருவரை, அடையாள அட்டையைக்கூடக் கேட்டுப் பார்க்காமல், அந்த இடத்திலேயே அமர்த்திக்கொண்டோம். "எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள்" என்று நானே அவரிடம் சொன்னேன். அவரும் சொன்ன சொல் தவறாமல் பொழுது சாய்வதற்குள் பதினான்கு இடங்களைக் காட்டிவிட்டார். என் தாயார் முதல் மூன்று இடங்களில் மட்டுமே இறங்கினார். மீதி நேரமெல்லாம் வாகனத்தின் பின்னிருக்கையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரச வளாகத்தில் உள்ள படிக்குளத்தின் விளிம்பில் நின்று, "இந்தக் கல்லில் ஏன் கோடு போட்டிருக்கிறார்கள்?" என்று பேரன் கேட்டான். நேரமாகிறது, அடுத்த இடத்துக்குப் போகலாம் என்று பதில் வந்தது. பிள்ளை அதன்பிறகு அன்று முழுவதும் வேறெதையும் கேட்கவில்லை. அந்த வழிகாட்டியைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. எங்களில் யாருக்கு முழங்கால் வலி, யாருக்கு எதில் ஆர்வம் என்பதை நாங்கள் அவரிடம் சொல்லவும் இல்லை, சொல்வதற்கு நேரம் ஒதுக்கவும் இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் போகத் தீர்மானித்தபோது, என் மகள் உரிமம் பெற்ற ஒரு வழிகாட்டியைப் பத்து நாட்களுக்கு முன்பே தொலைபேசியில் அழைத்தாள். கட்டணத்தைப் பேசுவதற்கு முன் அவர் எங்களைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். "உங்களில் மிகக் குறைவாக நடக்கக்கூடியவர் யார்? ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் நடப்பார்? கைப்பிடி இல்லாத படிகளில் ஏறுவாரா? சின்னவர் வீட்டில் சும்மா இருக்கும்போது எதை எடுத்து வைத்துக்கொண்டு விளையாடுவார்?" என்றெல்லாம் கேட்டார். குழாய், தொட்டி, மோட்டார் என்றால் அவனுக்கு உயிர் என்று மகள் சொன்னாள். அப்படியானால் காலையில் முதல் வேலையாகத் தண்ணீரில் இருந்து தொடங்குவோம் என்றார் அவர். ஒரு வழிகாட்டி நம்மிடம் கேட்கும் கேள்விகளைக் கொண்டே அவருடைய தரத்தை அறிந்துகொள்ளலாம் என்பது அன்று எனக்குப் புரிந்தது. எடுத்த எடுப்பில் இடங்களின் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுபவரைவிட, நம் வீட்டுப் பெரியவரின் முழங்காலைப் பற்றி விசாரிப்பவரை நம்பலாம்.

அன்று நாங்கள் பார்த்தவை மூன்றே இடங்கள்: காலையில் அரச வளாகம், அதை அடுத்துத் தாமரை மகாலும் யானைக் கொட்டிலும் உள்ள வளாகம், நீண்ட ஓய்வுக்குப் பிறகு மாலையில் விட்டலர் கோயில். அரச வளாகத்தில் கல் தூண்களின் மேல் நீண்டு செல்லும் கல் வாய்க்காலின் ஓரமாக நடந்து, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் பாய்ந்திருக்கும் என்று பேரனையே கண்டுபிடிக்கச் சொன்னார் வழிகாட்டி. அப்படியே படிக்குளத்துக்கு வந்து சேர்ந்தோம். 1980களில் தொல்லியல் துறையினர் மண்ணை அகற்றும்வரை புதைந்து கிடந்த குளம் அது. கருங்கற்கள் கணக்குப் பார்த்து அடுக்கியது போல நான்கு பக்கமும் படிப்படியாக இறங்கும். என் தாயாரைக் குடை நிழலில் மடக்கு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அந்தக் கற்களில் உள்ள கோடுகளையும் புள்ளிகளையும் எழுத்துகளையும் தாம் பையில் கொண்டுவந்திருந்த, நெருக்கத்தில் எடுத்த படங்களில் ஒவ்வொன்றாக அவர் காட்டினார். இவை எதற்கு என்று அவராகச் சொல்லவில்லை, பேரனிடம் கேட்டார். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வீட்டுக்கு அலமாரி வாங்கியபோது பலகைகளில் எண் ஒட்டியிருந்ததை நினைவுபடுத்திச் சொன்னான். அதேதான். எந்தப் பக்கத்தில், எந்த வரிசையில், எத்தனையாவதாக வைக்க வேண்டிய கல் என்பதைக் குறிக்கும் அடையாளங்கள் அவை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே விளிம்பில் கேட்டுப் பதில் கிடைக்காமல் போன கேள்விக்கு அவனே பதில் சொல்லிவிட்டான். அந்த ஒரு குளத்தின் ஓரத்தில் முக்கால் மணி நேரம் இருந்தோம். முதல் பயணத்தில் அங்கே நாங்கள் நின்றது ஐந்து நிமிடம்.

மாலையில், விட்டலர் கோயிலுக்குப் போகும் கடைசித் தூரத்தை மின்கல வண்டியில் கடந்ததால் என் தாயாரும் எங்களோடு கல்தேர் வரை வந்தார். அங்கே ஒரு பழைய ஒளிப்படத்தின் நகலை வழிகாட்டி எடுத்தார். 1856ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கிரீன்லா என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி எடுத்த படம் அது. அதில் கல்தேரின் மேல் செங்கல்லால் கட்டிய விமானம் இருக்கிறது, இன்று இல்லை. உடனே என் தாயார் சுருக்குப் பையைத் திறந்து ஒரு ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து அதன் பின்புறத்தில் உள்ள கல்தேரைப் பார்த்தார். அதிலும் விமானம் இல்லை. ஒரு கையில் படத்தையும் மறு கையில் ரூபாய்த் தாளையும் வைத்துக்கொண்டு, தேரை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டு அவர் நின்றதை எங்கள் வீட்டில் யாரும் மறக்க மாட்டோம். வெறும் தேரைப் பார்த்துவிட்டு வந்திருந்தால், அதன் தலைக்கு மேல் ஒன்று இருந்து போய்விட்டது என்ற எண்ணமே எங்களுக்கு வந்திருக்காது.

வழிகாட்டி சொல்வதை எந்த அளவுக்கு நம்புவது என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. இடிபாடுகளைச் சுற்றி எப்போதும் கதைகள் வளர்கின்றன. அவற்றைக் கேட்பதும் இன்பமே. ஆனால் கல்வெட்டு சொல்வது எது, அக்காலத்துப் பயணி எழுதியது எது, ஊர் மக்கள் வழிவழியாகச் சொல்வது எது என்று பிரித்துச் சொல்பவரே பிள்ளைகளுக்கு ஏற்ற வழிகாட்டி. "இது எப்படித் தெரியும்?" என்று தயங்காமல் கேட்கும்படி பிள்ளைகளிடம் புறப்படும் முன்பே சொல்லி வைக்கலாம். நல்ல வழிகாட்டி அக்கேள்வியால் முகம் சுளிக்க மாட்டார். இத்தாலியில் உள்ள பொம்பெயி நகரம் கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்தது. அது ஆகஸ்ட் 24ஆம் நாள் நடந்தது என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. 2018இல் அங்கே ஒரு சுவரில் கரியால் எழுதிய எழுத்துகள் வெளிப்பட்ட பிறகு, அது அக்டோபரில் நடந்திருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. பழைய தேதியை மட்டும் ஒப்பிப்பவருக்கும், அந்தச் சுவரைப் பற்றியும் சேர்த்துச் சொல்பவருக்கும் உள்ள வேறுபாடு பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விட்டலர் கோயிலின் இசைத் தூண்களைத் தட்டக் கூடாது என்று தடை இருக்கிறது. தடையை மீறித் தட்டிக் காட்டுகிறேன், சுவரில் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் ஆசை காட்டும் வழிகாட்டி எந்த நாட்டில் இருந்தாலும் அவரோடு பிள்ளைகளை அனுப்பலாகாது. நூற்றாண்டுகளைத் தாங்கிய கல் ஒரு விடுமுறைக் காலத்தின் கைகளால் தேய்ந்து போவதை நினைத்தால் வயிறு எரிகிறது.

நாளைத் திட்டமிடுவதைப் பொறுத்தவரை, நம் குடும்பத்தில் யார் மிக மெதுவாக நடக்கிறாரோ அவரை வைத்தே நாளை அமைக்க வேண்டும். மற்றவர்களுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. இதற்கு வேண்டிய விவரங்களைப் போகும் முன்பே வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளாவிட்டால் வாசலில் போய் நின்று வருந்த நேரிடும். இலங்கையின் சிகிரியாக் குன்றின் உச்சிக்கு ஏறத்தாழ 1,200 படிகள் உள்ளன. ஏற முடியாதவர் கீழே உள்ள நீர்த் தோட்டங்களில் அந்த நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதையும் அன்றைய திட்டத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். கம்போடியாவின் அங்கோர் வாட்டில் உச்சி அடுக்குக்குச் செல்லும் படிகள் மிகச் செங்குத்தானவை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே அனுமதி இல்லை. தோளும் முழங்காலும் மூடிய உடையும் வேண்டும். பெரியவர்கள் மேலே போகும்போது பிள்ளையோடு கீழே இருக்கப் போவது யார் என்பதை வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொண்டால் அங்கே மனக்கசப்பு வராது. பாற்கடலைக் கடையும் நீண்ட சிற்பத் தொடர் கீழ் அடுக்கில்தான் இருக்கிறது என்பதால் கீழே இருப்பவருக்கும் நிறைவு உண்டு. பெரு நாட்டின் மச்சு பிச்சுவில் குறிப்பிட்ட நேரத்துக்குச் சீட்டு வாங்கி, குறிப்பிட்ட சுற்றுப்பாதையில் ஒரே திசையில்தான் நடக்க வேண்டும். விட்டதைப் பார்க்கத் திரும்பிவர முடியாது. பொம்பெயியில் 2024 நவம்பரில் இருந்து நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மட்டுமே அனுமதி, சீட்டிலும் வருபவரின் பெயர் இருக்க வேண்டும். ஆகவே நுழைவுச்சீட்டை வாங்குவது நாமா, வழிகாட்டியா என்பது சின்ன விஷயம் போலத் தோன்றினாலும், இருவரும் மற்றவர் வாங்கிவிட்டார் என்று நம்பி வந்து நின்றால் அந்த நாளே போய்விடும்.

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட செய்திகள் உண்டு. பழைய இடங்களை ஒட்டித் தொல்லியல் துறை வைத்திருக்கும் அருங்காட்சியகங்கள் வெள்ளிக்கிழமைகளில் மூடியிருக்கும். கண்டெடுத்த சிலைகளும் நாணயங்களும் அங்கேதான் இருக்கின்றன என்பதால் அன்று போகும் குடும்பம் பாதியைத்தான் பார்க்கிறது.

கட்டணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசக் கூச்சப்படுவது நம்மில் பலருக்கு இயல்பு. அந்தக் கூச்சம் இருதரப்புக்கும் நல்லதன்று. எத்தனை மணி நேரம், எத்தனை பேர், வாகனம் அதில் சேருமா, நேரம் கூடினால் என்ன செய்வது என்பவற்றைக் குறுஞ்செய்தியாகவாவது எழுதி இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைகளுக்கு அழைத்துச் செல்ல வேண்டாம் என்பதையும் மரியாதையாக, ஆனால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மழை வந்தாலோ, பெரியவருக்கு உடல்நலம் சரியில்லாமல் போனாலோ பாதியில் நிறுத்தினால் வழிகாட்டிக்கு உரிய தொகையைக் குறைக்காமல் கொடுப்பதே முறை. அந்த நாளை அவர் வேறு யாருக்கும் தராமல் நமக்காக ஒதுக்கியிருக்கிறார்.

மொழியைப் பற்றியும் யோசிக்க வேண்டும், ஏனெனில் இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். எங்கள் வழிகாட்டி ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் பேசுபவர். என் தாயாருக்கு இரண்டும் தெரியாது. எனவே ஒவ்வோர் இடத்திலும் அவர் இரண்டு நிமிடம் பேசி நிறுத்துவது, மகள் பாட்டிக்குத் தமிழில் சொல்வது, பிறகு அவர் தொடர்வது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். இதனால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டதும் அவர்தான். முதல் பயணத்தில் என் தாயார் வாகனத்தில் உட்கார்ந்துவிட்டதற்கு முழங்கால் வலியைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது என்பதை இரண்டாவது பயணத்தில்தான் உணர்ந்தேன்: அன்று யாரும் அவரிடம் எதையும் சொல்லவில்லை.

வழிகாட்டியின் பேச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நாள் முழுவதும் தொடர்ந்து கேட்க யாராலும் இயலாது. காலையில் இரண்டரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் என்று அவருடைய நேரத்தை வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு மணி நேரத்தைப் பேச்சில்லாமல் விட்டுவிடுவது எங்களுக்குப் பொருந்தியது. அந்த ஒரு மணி நேரத்தில் பெரிய பேத்தி ஒரு தூணின் அடியில் உட்கார்ந்து யாளியை வரைந்தாள். மருமகன் தான் மீண்டும் பார்க்க விரும்பிய மண்டபத்துக்குப் போய் வந்தார். நானும் என் தாயாரும் மதிலோரமாகச் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். பயணப் பக்கத்தில் ஒரு பழைய நகரைப் பற்றி எழுதும்போது, அங்கே நடக்க வேண்டிய தூரம், படிகள், நிழல், கழிப்பிடம், வார விடுமுறை, வயது வரம்பு ஆகிய விவரங்களையும், உரிமம் பெற்ற வழிகாட்டியை முன்பதிவு செய்யும் முறையையும் கட்டுரையோடு சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவ்விடங்களில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் வழிகாட்டிகளையே ஒருமுறை எழுத அழைத்தால், குடும்பத்தோடு வருபவர்கள் தம்மிடம் எதைச் சொல்லத் தவறுகிறார்கள் என்பதை அவர்கள் என்னைவிட நன்றாக எடுத்துரைப்பார்கள். பள்ளிகளுக்கு விடுமுறை விடுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே அது வெளிவந்தால், வழிகாட்டியை அழைத்துப் பேசக் குடும்பங்களுக்குப் போதிய அவகாசம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்